‘கஷ்டம்’ என்று கேட்காதீர்கள்: வடசென்னைப் பெரியவர்களிடம் பண நெருக்கடிக் கால நினைவுகளைப் பதிவுசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் வீடு வீடாகப் போய், வேலை போன காலம், ரேஷன் வரிசைக் காலம், வட்டிக்கு வாங்கிய காலம் பற்றிப் பெரியவர்கள் சொல்வதைப் பதிவுசெய்து வருகிறேன். கூட வரும் கல்லூரிப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தடுமாறுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கின்றன, வரிசைதான் தப்பு. கடைசியில் கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறார்கள். சொந்தப் பாட்டியிடம் கேட்பவருக்கும் கீழே உள்ள வரிசை பொருந்தும். சொல்லப்போனால் சொந்தப் பாட்டிக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும்.

1. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்

கையில் நோட்டுப் புத்தகத்தோடு தெருவுக்குள் நுழைந்தால் உங்களை அரசாங்க ஆள் என்றுதான் நினைப்பார்கள். “முதியோர் பென்ஷனுக்கா? உரிமைத் தொகைக்கா?” என்று கேட்டபடியே ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்துவந்து விடுவார்கள். அந்த நினைப்பில் சொல்லும் கதையில் கஷ்டம் மட்டும்தான் இருக்கும், வயதும் வருமானமும்கூட மனுவுக்கு ஏற்றபடி வளைந்துவிடும்.

அதனால் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: “பணம் எதுவும் வராது ஆயா. நீங்க அப்போ எப்படிச் சமாளிச்சீங்கன்னு எங்க பசங்க தெரிஞ்சுக்கணும், அதுக்குத்தான்.” சிலர் அதோடு எழுந்து போய்விடுவார்கள். போகட்டும்.

யார் கேட்கப்போகிறார்கள் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். பேரப்பிள்ளைக்கு மட்டுமா, தெரு நூலகத்தில் வைக்கவா, இணையத்தில் போடவா? கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். பாதியில் இதை மாற்றினால் நம்பிக்கை போய்விடும்.

2. புறப்படுவதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

முக்கியமானது ஒரு பக்க வருடத் தாள். பெரியவர்கள் வருடக் கணக்கில் நினைவு வைத்திருப்பதில்லை, சம்பவக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். என் தாளில் இருப்பவை இவை: 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1964 தொடங்கிப் பர்மாவிலிருந்து தமிழர்கள் திரும்பி வந்தார்கள். 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், அதே வருடம் ஆட்சி மாறி ரூபாய்க்கு ஒரு படி அரிசி வந்தது. 1969 பிப்ரவரியில் அண்ணா மறைவு, 1974 மே மாதம் ரயில்வே ஸ்டிரைக், 1975 ஜூனில் எமர்ஜென்சி, 1982 ஜூலையில் சத்துணவு, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைவு, 1996-ல் பின்னி துணி மில் மூடல், 2004 டிசம்பரில் சுனாமி, 2015 டிசம்பரில் வெள்ளம், 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனது. உங்கள் தெருவுக்கு என்று தனியாக ஏதாவது இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிசைகள் எரிந்த வருடம், குடிசை மாற்று வாரிய வீடு கிடைத்த வருடம் போல.

அடுத்தது அளவுகள். ஒரு ரூபாய்க்கு 16 அணா. நாலணா 25 பைசா, எட்டணா 50 பைசா என்பது எல்லோருக்கும் தெரியும். பத்தணா என்றால்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஒருவர் அதைப் “பத்து பைசா” என்று எழுதிவைத்தார். பத்தணா என்பது 62½ பைசா. ஒரு நாள் கூலியையே ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது அந்தத் தப்பு. படி, ஆழாக்கு, வீசை, பலம் ஆகியவற்றையும் பார்த்துவையுங்கள். ஒரு வீசைக்கு 40 பலம், ஏறக்குறைய 1.4 கிலோ.

பதிவுக்குச் சாதாரண செல்போன் போதும். ஃபிளைட் மோடில் போடுங்கள், பாதியில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம். வீடியோ வேண்டாம். கேமராவைக் கண்டால் புடவையைச் சரிசெய்துகொண்டு, டிவி பேட்டி மாதிரிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

3. நேரமும் இடமும்

காலை பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் நல்ல நேரம். அதற்கு முன்னால் தண்ணீர் பிடிப்பது, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்று வேலை இருக்கும். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட வைக்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் நிறைய, மரியாதைக்காகப் பசியைச் சொல்லமாட்டார்கள். நாற்பத்தைந்து நிமிடம் ஆனதும் நீங்களே எழுந்துவிடுங்கள்.

ஒண்டுக்குடித்தனம் என்றால் சத்தத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. குக்கர், மிக்ஸி, பின்னால் போகிற ரயில் எல்லாம் கேட்கத்தான் செய்யும். ஃபேன் ஒன்றுதான் உண்மையான பிரச்சினை. போனை மடித்த துண்டின் மேல், ஃபேன் காற்று படாத பக்கம் வையுங்கள். அரை நிமிடம் பதிந்து, கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள்.

4. முதல் நாள் பதிவு செய்யாதீர்கள்

முதல் நாள் வெறும் பேச்சு. வாழைப்பழமோ வெற்றிலைபாக்கோ வாங்கிப் போங்கள், பணம் கொடுக்காதீர்கள். பணம் கைமாறினால், கொடுத்ததற்கு ஏற்ற கதை சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றிவிடும்.

அன்றைக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எப்போது வெளியே போவார்கள். ஏன் என்பது எட்டாவது பகுதியில் வரும்.

5. பொருளில் தொடங்குங்கள், கஷ்டத்தில் அல்ல

ஒரு மாணவி நன்றாகத் தயார்செய்துகொண்டு வந்து, “உங்கள் வாழ்க்கையில் சந்தித்த பொருளாதார நெருக்கடிகளைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டார். அந்த ஆயா, “அதெல்லாம் எனுக்கு வந்ததில்லம்மா, சுகர் மட்டும்தான்” என்றார்.

சரி, எளிமையாகவே கேட்போம் என்று “அந்தக் காலத்துல ரொம்பக் கஷ்டமா?” என்று கேட்டாலும் பலன் இல்லை. “கஷ்டம்தான், ஆனா சந்தோஷமா இருந்தோம்” என்று ஒரு வரி வரும். அது பலமுறை சொல்லிச் சொல்லிப் பழகிப்போன பதில். அதைச் சொல்லி முடித்ததும் கதவு சாத்தின மாதிரி ஆகிவிடும். ஆகவே முதல் இரண்டு சந்திப்பில் ‘கஷ்டம்’, ‘வறுமை’, ‘ஏழை’ என்ற சொற்களை நீங்கள் எடுக்கவே கூடாது.

பொருளைப் பற்றிக் கேளுங்கள். வீட்டிலேயே பழைய பொருள் ஏதாவது இருக்கும்: பித்தளைப் படி, கிருஷ்ணாயில் டின், திரி ஸ்டவ், கிழிந்த ரேஷன் கார்டு, மில்லுக்குக் கொண்டுபோன டிபன் கேரியர். இல்லாவிட்டால் நீங்கள் ஒன்று கொண்டுபோங்கள். நாங்கள் ஓர் இரும்புப் படியை இரவல் வாங்கிப் போனோம். அதைக் கையில் எடுத்ததுமே அந்த அம்மா, கடைக்காரர் கட்டைவிரலை உள்ளே விட்டு எப்படி அளப்பார் என்று செய்து காட்டினார். தலைதட்டி அளந்தால் எத்தனை பேருக்குச் சோறு, குவித்து அளந்தால் எத்தனை பேருக்கு என்ற கணக்கு வந்தது. அப்புறம் நொய் வாங்கிய கதை, கோதுமையைச் சோறாக ஆக்கிப் பார்த்த கதை. நாங்கள் கேள்வியே கேட்கவில்லை.

காரணம் எளிது. ‘நெருக்கடி’ என்பது வெளியிலிருந்து பார்ப்பவர் வைத்த பெயர். உள்ளே இருந்தவருக்கு அது அன்றைக்கு அடுப்பு எரிந்ததா, இல்லையா என்பதுதான். “அடுப்புக்கு என்ன போடுவீங்க?” என்று கேளுங்கள். மரத்தூள், வறட்டி, தண்டவாளம் ஓரம் பொறுக்கிய கரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும்.

பலன் தந்த சில கேள்விகள்:

“காலையில என்ன குடிச்சிட்டு வேலைக்குப் போவாங்க?”
“சம்பள நாள்ல முதல்ல என்ன வாங்குவீங்க? மாசக் கடைசியில எது நின்னுபோகும்?”
“தீபாவளித் துணி எந்தக் கடையில? கடனா, ரொக்கமா?”
“ரேஷன் கடையில யார் போய் நிப்பாங்க?”

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் “நான்தான்” என்று பதில் வரும். அப்போது என்ன வயது என்று கேளுங்கள். எட்டு, ஒன்பது என்பார்கள்.

6. வருடத்தை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்

“எந்த வருஷம்?” என்று கேட்டால் பதிலுக்குத் தேடித் தேடிப் பேச்சு அறுந்துவிடும். “எம்.ஜி.ஆர். செத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?”, “பெரிய பையன் அப்போ பொறந்தாச்சா?” என்று கேளுங்கள். வருடத் தாளை உங்கள் மடியில் வைத்துக்கொண்டு நடுவில் குறித்துக்கொள்ளுங்கள். மீனவர் குடும்பங்களில் இதுவும் நடக்காது. அங்கே மாதமும் மீனும்தான் கணக்கு: ஐப்பசி மழையில் கடலுக்குப் போகாத நாட்கள், மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன் என்று. தடைக்காலம் 2017-க்கு முன் 45 நாள், பிறகு 61 நாள். எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே சொல் வேறு வேறு காலத்தைக் குறிக்கும் இடங்களில்தான் பெரிய தப்புகள் நடக்கின்றன. பெரம்பூர், அயனாவரம் பக்கம் ஒருவர் “ஸ்டிரைக்கு” என்றால் ரயில்வே ஸ்டிரைக்கா, மில் ஸ்டிரைக்கா என்று கேட்க வேண்டும். “வெள்ளம்” என்றால் 1985, 2005, 2015 மூன்றும் உண்டு. வியாசர்பாடியில் ஒரு பாட்டி “நோட்டு செல்லாமப் போச்சு, கையில இருந்தது எல்லாம் காகிதம்” என்றார். உடன் வந்த பையன் 2016 என்று எழுதிக்கொண்டான். பாட்டி சொன்னதோ பர்மாவின் ரங்கூனில் 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாமல் போனதை. அந்தப் பாட்டியின் கப்பல் பயணமும் அகதி முகாமும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்தன. பையன் அதைத் தாண்டிப் போய், ஏ.டி.எம். வரிசையில் நின்றீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவர்கள் சொல்லும் வருடம் தப்பு என்று தெரிந்தால் திருத்த வேண்டாம். சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் உங்கள் குறிப்பாகச் சரியான வருடத்தைப் போடுங்கள். ஒருமுறை திருத்தினால் அப்புறம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “சரிதானே?” என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

7. வேலை போன கதையை இரண்டு பேரிடம் கேளுங்கள்

மில், ஹார்பர், ரயில்வே என்று எதில் வேலை நின்றிருந்தாலும், ஆண்கள் சொல்வது கேட் மீட்டிங், தலைவர் பேச்சு, செட்டில்மென்ட் தொகை. அது வேண்டியதுதான். ஆனால் அந்த மாதங்களில் வீட்டுக்கு அரிசி எப்படி வந்தது என்று கேட்டால் “ஏதோ ஓடிச்சு” என்பார்கள்.

ஓட்டியது யார் என்று மனைவியிடம் கேளுங்கள். வாசலில் இட்லி போட்டது, கூடையில் மீன் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனது, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தது எல்லாம் அங்கேதான் கிடைக்கும். கணவர் பக்கத்தில் இருந்தால் இதைச் சொல்லமாட்டார், அவர் மானம் போகும் என்று நினைப்பார். அதனால் வேறு நாளில், வேறு நேரத்தில் போங்கள். நான் ஆரம்பத்தில் முழுக்க ஆண்களையே பதிவுசெய்தேன். இருபது பதிவு கேட்டபிறகுதான் ஒன்றில்கூட சோறு இல்லை என்பது உறைத்தது.

8. கடன், அடகு, பள்ளிக்கூடம்: கடைசியில், இந்த வரிசையிலேயே

மூன்றாவது சந்திப்புக்கு முன் இதைத் தொடாதீர்கள்.

முதலில் கடன். அதையும் தொகையில் தொடங்காமல் முறையில் தொடங்குங்கள்: “தண்டல்காரர் எத்தனை மணிக்கு வருவாரு?” தண்டல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: 1,000 ரூபாய் என்று பேசி, 900-ஐக் கையில் கொடுத்து, நாளுக்குப் பத்து ரூபாயாக 100 நாள் வசூலிப்பது ஒரு வகை. பத்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். கைமாத்துக்கு வட்டி இல்லை, ஆனால் அதில்தான் உறவு முறியும். ஏலச்சீட்டு கடனும் சேமிப்பும் கலந்தது. இந்தப் பெயர்களைச் சரியாகச் சொன்னால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்று தெரிந்து தாராளமாகப் பேசுவார்கள்.

அடுத்தது அடகு. “எது முதல்ல சேட்டு கடைக்குப் போச்சு?” என்று கேளுங்கள். பித்தளைக் குடம், அண்டா, கம்மல், கடைசியில் தாலியில் இருந்த குண்டுமணி என்று அதற்கு ஒரு வரிசை இருக்கும். எது திரும்பி வந்தது, எது மூழ்கிப் போனது என்பது அடுத்த கேள்வி. பழைய அடகுச் சீட்டைக் காட்டினால், அனுமதி கேட்டுப் போட்டோ எடுங்கள். அதில் தேதி இருக்கும், வருடக் குழப்பம் தீரும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் பள்ளிக்கூடம். பசியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். கடனைப் பற்றிக் கோபமாகப் பேசுவார்கள். எந்தப் பிள்ளையின் படிப்பை நிறுத்தினார்கள் என்பதைத்தான் பேச முடியாது. ஏனென்றால் அந்தப் பிள்ளை ஐம்பது வயதில் அதே வீட்டில் இருக்கிறார், அவர் சம்பளத்தில்தான் இவர் சாப்பிடுகிறார். முதல் நாள் வீட்டு ஆட்களின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் கேளுங்கள், ஒரே ஒருமுறை. பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

9. அழுதால், பேச்சு நின்றால்

பதிவை நிறுத்தும் பொத்தானை உடனே அமுக்காதீர்கள், ஆறுதலும் சொல்லாதீர்கள். ஒரு நிமிடம் சும்மா இருங்கள். பாதிப் பேர் மூக்கைத் துடைத்துவிட்டுத் தாங்களே தொடர்வார்கள். தொடரவில்லை என்றால், “தண்ணி குடிங்க ஆயா, இத்தோட நிறுத்திக்கலாமா?” என்று கேட்டு, அவர்கள் சொன்னபடி செய்யுங்கள்.

ஆனால் அழுகையோடு விட்டுவிட்டு வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது. மறுபடி சமையலுக்கோ, பேத்தி கல்யாணத்துக்கோ பேச்சைத் திருப்பி, குரல் இயல்பானதும் கிளம்புங்கள். அன்று சாயங்காலம் ஒரு போன் போட்டு விசாரியுங்கள்.

10. குறுக்கே பேசுபவர்கள்

மகனோ மருமகளோ, “அது ஏம்மா இப்போ, நல்லதா சொல்லு” என்பார்கள். அவர்களோடு வாதாடாதீர்கள். அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்: பழைய போட்டோக்களைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பீரோவைக் குடைந்துகொண்டே அவர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

குழுவாக உட்கார வைத்துக் கேட்பதும் நல்லதுதான், ஆனால் விலைவாசி, ரேஷன், சாப்பாடு வரைக்கும்தான். ஒருவர் விலை சொல்ல மற்றவர் மறுக்க, நல்ல தகவல் வரும். கடனை மட்டும் அங்கே எடுக்காதீர்கள். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். எனக்கு நடந்திருக்கிறது, அன்றைக்கு டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

11. எழுத்தாக்கும்போது

அன்றிரவே பதிவை இன்னொரு இடத்தில் பிரதி எடுங்கள். கோப்புக்குத் தேதியும் தெருவும் போதும், ஆள் பெயர் வேண்டாம்.

பேச்சைத் திருத்தாதீர்கள். “துட்டு இல்ல, ரெண்டு நாளு துன்னவே இல்ல, கொயந்தைய இட்டுக்கினு எங்கக்கா ஊட்டுக்குப் போனேன்” என்பதை “பணமின்மையால் இரு நாட்கள் உணவு உண்ணவில்லை” என்று மாற்றினால் அந்த அம்மா காணாமல் போய்விடுவார். புரியாத சொல்லுக்கு ஓரத்தில் பொருள் போடுங்கள், அவ்வளவுதான்.

கடன் கொடுத்தவர், ஏமாற்றிய சொந்தக்காரர் ஆகியோரின் பெயர்களை எடுத்துவிடுங்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருக்கிறார்கள். ரேஷன் கார்டு, அடகுச் சீட்டுப் படங்களில் எண்ணையும் முகவரியையும் மறையுங்கள்.

12. படித்துக் காட்டி, கையில் கொடுங்கள்

எழுதியதை முழுக்கச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருந்தாலும் படித்துத்தான் காட்ட வேண்டும், கண்ணாடி சரியில்லை என்பதைச் சொல்லமாட்டார்கள். வெட்டச் சொன்னதை வெட்டுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். எழுத்தில் மட்டுமல்ல, ஒலிப்பதிவிலும் அந்தப் பகுதியை அவர்கள் முன்னாலேயே அழியுங்கள். நான் கேட்டதிலேயே சிறந்த வரி ஒன்று அப்படித்தான் போனது.

பிரதியைப் பெரிய எழுத்தில், 16 புள்ளிக்குக் குறையாமல் அச்சடித்துக் கொடுங்கள். ஒன்று போதாது, மூன்று எடுத்துப் போங்கள். “அடுத்த தெருவுல தங்கச்சி இருக்கா, அவளுக்கு ஒண்ணு குடு” என்பார்கள். தங்கச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டு பக்கம் படிக்கக் கேட்டுவிட்டு, “அவ சொல்றது தப்பு, ரேஷன் கடையில நின்னது நானு” என்று ஆரம்பிப்பார். அப்போது போனைச் சட்டைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, நாலாவது பகுதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.